கடைசி பஸ் இன்னும் வரவில்லை

துணி இன்னும் காயவில்லை. காலையில் பின்வாசல் கொடியில் போட்டேன், சாரல் அடித்ததும் அள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் கயிறு கட்டிப் போட்டேன், இப்போது விளிம்பைப் பிடித்துப் பார்த்தால் காலையில் இருந்ததைவிட ஈரம் கூடியிருக்கிறது போலத் தோன்றுகிறது. இந்த ஊரில் காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. சீசன் என்றால் அதுதான் என்கிறார்கள், அதற்காகத்தான் அத்தனை தூரத்திலிருந்து ஜனங்கள் வந்து அருவியில் தலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அருவியில் நனைந்தவர்களுக்குத் துணி காய்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. என் வேட்டி இரண்டு, மரகதத்தின் புடவை மூன்று, துண்டு ஒன்று. எண்ணியாயிற்று. மறுபடி எண்ணினாலும் அதேதான் இருக்கும், இருந்தாலும் கண் ஒரு தரம் போய்விட்டு வருகிறது, முப்பது வருஷம் பஸ்ஸில் தலையெண்ணிய கண். நாளைக்குச் சாயந்தரம் ரயில். இளங்கோவும் ஷர்மிளாவும் கடைசி நாள் என்று ஐந்தருவிக்குப் போயிருக்கிறார்கள், இருட்டுவதற்குள் வந்துவிடுவோம் அப்பா, அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான் என் பிள்ளை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உள்ளே அறையில் மரகதம் தூங்குகிறாள், யாரோ ஒருவருடைய கட்டிலில், யாரோ ஒருவருடைய தலையணையில், வாயை லேசாகத் திறந்துகொண்டு, நிம்மதியாக. அந்த யாரோ ஒருவர் பெயர் கோமதிநாயகம், இளங்கோவின் ஆபீஸ் சிநேகிதனுக்கு அண்ணன். அவருடைய பெண்ணுக்குச் சென்னையில் கல்லூரிச் சேர்க்கை, தங்க இடம் வேண்டும். எங்களுக்குச் சீசன் பார்க்கவேண்டும், லாட்ஜில் வைத்தால் மரகதம் ராத்திரி கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாள் என்ற பயம். உங்கள் வீட்டில் நாங்கள், எங்கள் வீட்டில் நீங்கள் என்று போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். நான் அந்தக் குடும்பத்தைப் பார்த்ததுகூட இல்லை. போட்டோவில் பார்த்தேன், நாலு பேர், எல்லோரும் சிரிக்கிறார்கள். நம் கட்டிலில் இப்போது இவர்கள் படுத்திருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, நாம் ஏதோ தப்புச் செய்த மாதிரி.

வந்த அன்று முதல் வேலையாக அடுக்களை அலமாரியைப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டேன். மேல் தட்டில் டம்ளர், பெரியது ஆறு, சின்னது நாலு. அதற்குக் கீழே பருப்பு டப்பாக்கள், ஓரத்தில் ஊறுகாய்ப் பரணி, கைப்பிடிப் பக்கம் சுவரைப் பார்த்து. பிறத்தியார் வீட்டில் இருந்துவிட்டுப் போனால் இருந்த சுவடு தெரியக்கூடாது, எடுத்த பொருள் எடுத்த இடத்தில் இருக்கவேண்டும். ஷர்மிளா சிரித்தாள், மாமா, இது என்ன கோர்ட்டு சாமானா, அவங்க நம்ம வீட்டுல எதை எங்க வைக்கிறாங்களோ என்று. அவள் சொன்னது சரிதான், ஆனால் எனக்கு அப்படி இருக்க வராது. நான் பார்த்து வைத்து என்ன, மரகதம் இரண்டாம் நாளே எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். டம்ளர் கீழே வந்தது, பருப்பு மேலே போயிற்று, பரணி ஜன்னல் மாடத்துக்குக் குடியேறிவிட்டது. நான் ராத்திரி பழையபடி வைப்பேன், காலையில் அவள் முகம் கடுகடுவென்று ஆகும், யாருங்க இது, என் சாமானை எல்லாம் தொடறது என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மாற்றுவாள். ஒன்றுகூட உடைக்கவில்லை. நம் வீட்டில் டம்ளரை நழுவவிடுகிறவள், இங்கே கண்ணாடிச் சாமானைக்கூட எடுத்து எடுத்து வைக்கிறாள். நேற்றிலிருந்து நான் மாற்றுவதை விட்டுவிட்டேன். போகும்போது ஒரே மூச்சாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சல்லடையை என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை. இந்த வீட்டில் நாங்கள் வந்தபோது இருந்தது ஒரு சல்லடை, இப்போது இரண்டு இருக்கின்றன. பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள், சாவியை வைத்திருந்து எங்களுக்குக் கொடுத்தவள், மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு விசாரிக்க வந்தாள். மரகதம் அவளைப் பார்த்ததும், ஏம்மா, வாங்கிட்டுப் போன சல்லடையை எப்பக் குடுக்கப் போற, கேட்டாத்தான் தருவியா என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. அந்த அம்மாள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அய்யோ, மறந்தே போச்சு அத்தை, இந்தா எடுத்தாரேன் என்று போய்த் தன் வீட்டுச் சல்லடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். பிறகு என்னிடம் ரகசியமாக, விடுங்க மாமா, நாளைப்பின்ன வாங்கிக்கிடுதேன், அத்தை என்ன சொன்னாக தெரியுமா, இந்தத் தெருவுல அவுக வாக்கப்பட்டு வந்து நாப்பது வருசமாம், நாந்தான் புதுசாம் என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்தேன். கேலி செய்யாமல் சிரித்தவள் அவள் ஒருத்திதான். போகும்போது சல்லடையை அவளிடம் கொடுக்கவேண்டும், மரகதம் பார்க்காமல். பார்த்துவிட்டால் மறுபடி கேட்பாள்.

நம் வீட்டில் இந்நேரத்துக்கு நான் இப்படி நாற்காலியில் சாய்ந்துகொண்டிருக்க முடியாது. நாலு மணி தாண்டினால் அவளுடைய கண் வாசலுக்குப் போக ஆரம்பிக்கும். விளக்குப் போடும் நேரத்துக்கு எழுந்துகொள்வாள், போர்வையை விரிப்பாள், எதையெதையோ எடுத்து நடுவில் வைத்து மூட்டையாகக் கட்டுவாள், கதவண்டை போய் நிற்பாள். வாங்க, நம்ம வீட்டுக்குப் போலாம், இருட்டிடுச்சு, இவங்களுக்கும் தொந்தரவு. எவங்களுக்கு மரகதம், இதுதானே நம்ம வீடு. அவள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, ஏமாற்றுகிறவனைப் பார்க்கும் பார்வை அது. இருபது வருஷமாகக் குடியிருக்கும் வீடு, அவளுடைய கம்மலை அடகு வைத்து முன்பணம் கட்டிய வீடு, பால்கனியில் அவள் வைத்த துளசி, எதைக் காட்டினாலும் தலையை ஆட்டிவிட்டு, சரி சரி, நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம வீட்டுக்குப் போலாம் என்பாள். முதலில் லிப்டில் கூட்டிக்கொண்டு இறங்கித் தெருவைச் சுற்றிவிட்டு வருவேன், வீடு வந்துவிட்டது பார் என்பேன். சில நாள் நம்பினாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துகொண்டு அழ ஆரம்பித்தாள், மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒருநாள், களைப்பில், யோசிக்காமலே, கடைசி பஸ் இன்னும் வரல மரகதம், வந்ததும் போலாம் என்றேன். அவள் அடங்கிவிட்டாள். பஸ் விஷயத்தில் நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு அப்போதும் தெரிந்திருக்கிறது. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். டிராபிக், என்றேன். தூக்கம் வருகிறவரைக்கும் காத்திருந்துவிட்டுப் படுத்தாள். அன்றிலிருந்து தினம் அதுதான். சர்வீஸில் இருந்தபோது வராத பஸ்ஸை வரும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வராது, நடந்து போங்க என்று முகத்துக்கு நேரே சொல்லித் திட்டு வாங்குவேன், பேசவே கூச்சப்படுகிறவன் எதற்குக் கண்டக்டர் வேலைக்கு வந்தாய் என்று டிரைவர்கள் கேட்பார்கள். இப்போது தினமும் ஒரு பொய், ஒரே பொய். அவள் தூங்கியதும் மூட்டையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். பிரித்ததில்லை. பிரித்தால் மறுநாள் புதிதாகக் கட்டவேண்டும், அது வேறு ஒரு மணி நேரம். தவிர, ஒரு பெண்பிள்ளை கட்டி வைத்த மூட்டையை அவளுக்குத் தெரியாமல் பிரித்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கே வந்த அன்று ராத்திரிதான் பயந்தேன். புது இடம், சொந்த வீட்டையே தெரியாதவள் இங்கே என்ன செய்வாளோ என்று வாசல் கதவில் நாற்காலியைப் போட்டு அதிலேயே உட்கார்ந்துவிடுவது என்று இருந்தேன். அவள் வீட்டுக்குள் வந்தாள், செருப்பை ஓரமாக விட்டாள், நேரே அடுக்களைக்குள் போனாள், விளக்கு சுவிட்ச் எங்கே என்று தேடாமல் கையை வைத்தாள். எரிந்தது. அப்பாடா, வந்து சேந்தாச்சு என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. எது பிடித்துப்போயிற்று, எதைப் பார்த்து இது தன் வீடு என்று முடிவு செய்தாள், ஒரு வாரமாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வியாசர்பாடியில் கல்யாணமான புதிதில் ஒரு போர்ஷனில் இருந்தோம், அங்கே அடுக்களை ஜன்னல் இப்படிக் கிழக்கே பார்த்திருந்ததா? இல்லை, அது தெற்கு, வெயில் அடிக்காது என்று சண்டை போட்டிருக்கிறாள். இந்த ஓட்டு வாசனையா, ஈரச் சுவரா, அவள் பிறந்த வீடா? அது கீற்றுக் கொட்டகை. எதுவும் பொருந்தவில்லை. சுவிட்ச் கைக்கு அகப்பட்டதுதான் காரணமாக இருக்குமோ என்னவோ. இளங்கோவுக்கு ஒரே சந்தோஷம். அம்மா எப்படி இருக்காங்க பாத்தீங்களா, இடம் மாறினதுதான், அடிக்கடி இப்படிக் கூட்டிட்டு வரணும் என்கிறான். நானும் ஒப்புக்கொள்கிறேன், ஒரு வாரமாக முழு ராத்திரி தூங்கினேன், எழுந்தபோது உடம்பு என்னுடையதாக இருந்தது. ஆனால் அவனிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது. மூன்றாம் நாள் காலையில் அவள் காபி கொண்டுவந்தாள், கையால் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்தாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சீனி போதுமா பாருங்க என்றாள். நம் வீட்டில் நான் சீனி போடாமல் குடிக்கிறேன், அவள்தான் அதைப் பழக்கியது. நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் கதவுக்குப் பக்கமாக ஒதுங்கி நின்று, அவர் டூட்டிக்குப் போயிருக்காரு, வர்ற நேரந்தான், நீங்க உக்காருங்க என்றாள். காபி தித்தித்தது. முழுவதையும் குடித்தேன்.

அன்றிலிருந்து நான் இந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி. மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள், நான் எழுந்து நடந்தால் புடவையைச் சரி செய்துகொள்கிறாள், ராத்திரி அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறாள். நான் கூடத்தில் பாயில் படுக்கிறேன், குளிர்காற்று நன்றாக இருக்கிறது என்று பிள்ளையிடம் சொன்னேன். ஆவுடையம்மாள்கூட இன்று காலையில் மதிலுக்கு அந்தப்புறமிருந்து, என்ன மாமா, வீட்டம்மா உங்கள வெளிய படுக்கப் போட்டுட்டாகளாமே, அப்படி என்ன செஞ்சீக என்று கேட்டாள். குறட்டை என்றேன். நம் வீட்டில் அவள் அழுகிறாள், ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இங்கே சிரிக்கிறாள், யாரோ ஒருவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். இதில் எது வேண்டும் என்று என்னை யாராவது கேட்டால் என்ன சொல்வேன். யாரும் கேட்கப்போவதில்லை, ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நாளைக்கு இந்த வாசற்படியைத் தாண்டி அவளை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் இப்போது. தன் வீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை அந்நிய ஆம்பிளையோடு எதற்காகக் கிளம்புவாள்? இளங்கோ கையைப் பிடித்து இழுப்பான், அவள் கத்துவாள், தெரு கூடும், அவளுடைய முகம் அப்படி ஆவதை இந்த ஊரும் பார்க்கும். கோயிலுக்கு என்று சொல்லலாம். கோயிலுக்கு எதற்குப் பெட்டி என்பாள். பஸ் வந்துவிட்டது என்று சொல்லலாமா? வீட்டுக்கு வந்து சேர்ந்தவளுக்குப் பஸ் எதற்கு. வேட்டியைத் திருப்பிப் போடவேண்டும், அடிப்பக்கம் நீர் இறங்கி நிற்கிறது. திருப்பினேன். போன் அடித்தது, மரகதம் எழுந்துவிடப் போகிறாள் என்று ஓடிப்போய் எடுத்தேன்.

மாமா, நான் உலகம்மா பேசுதேன், கோமதிநாயகம் வீட்ல. அவருடைய மனைவி, போட்டோவில் சிரித்த நாலு பேரில் ஒருத்தி. எங்கள் வீட்டிலிருந்து பேசுகிறாள், பின்னால் எங்கள் மின்விசிறி கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்டது, அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. நல்லா இருக்கீகளா, தண்ணி ஒத்துக்கிச்சா, சமையக்கட்டுல எல்லாம் இருக்கா என்று கேட்டாள். எல்லாம் இருக்கு என்றேன், சல்லடையைப் பற்றிச் சொல்லவில்லை. தப்பா நெனைக்காதீக மாமா, ஒண்ணு கேக்கணும், கதவுக்குப் பின்னால ஒரு துணி மூட்ட இருந்துச்சு. நாங்க தொடல. இன்னைக்குப் பாத்தா எறும்பு வரிசையா ஏறுது, உள்ள பிஸ்கட் இருந்திருக்கு. வேற வழி இல்லாம பிரிச்சு உதறிட்டேன், மறுபடி அப்படியே கட்டி வச்சிருதேன், எப்படி இருந்துச்சுன்னு சொன்னீகன்னா போதும். எனக்குத் தெரியாது, என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கவேண்டாம். ஒரு பொம்பள சேல, ரவிக்க, சின்ன வேட்டி ஒண்ணு, பல் தேய்க்கிற பிரஷ் ரெண்டு, பிஸ்கட் பாக்கெட்டு, அப்புறம் ஒரு காக்கிச் சட்ட மாமா, நல்லா மடிச்சு, நடுவுல வச்சு, மேல எல்லாத்தையும் அடுக்கியிருக்கு, கசங்கிரக்கூடாதுன்னு வச்சாப்புல. யாரும் ஊருக்குக் கெளம்புதாகளா? ஆமாம் என்றேன். சட்டையை எறும்பு கடித்திருக்கிறதா என்று கேட்டேன். இல்ல மாமா, நல்லா இருக்கு. அப்படியே இருக்கட்டும்மா என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தச் சட்டையைத் தேடாத இடமில்லை. ரிடையர் ஆன அன்று போட்டிருந்தது. ஷர்மிளா தரை துடைக்கக் கிழித்துவிட்டாள் என்று நானாகவே முடிவு செய்து, அவளிடம் கேட்கவும் கூச்சப்பட்டு, மழைக்காலம் முழுக்க அவளோடு சரியாகப் பேசாமல் இருந்தேன். பிரஷ் ரெண்டு. தினமும் அவள் என்னை விட்டுவிட்டுத்தான் எங்கேயோ போகப் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அந்த மூட்டையை மட்டும் எண்ணவில்லை.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நாற்காலியில் அப்படியே கண்ணசந்திருப்பேன் போலிருக்கிறது. கதவு நகரும் சத்தம் கேட்டு விழித்தால் மரகதம் நிலைப்படியில் நிற்கிறாள், தலையை வாரிக்கொண்டு, நெற்றிக்கு இட்டுக்கொண்டு. சுவிட்சைத் தேடாமல் விளக்கைப் போட்டாள். என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். இருட்டிடுச்சே, உங்க வீட்ல தேட மாட்டாங்களா என்றாள். விரட்டுகிற குரல் இல்லை, அக்கறைதான். கடைசி பஸ் இன்னும் வரல என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அப்படின்னா உக்காருங்க, ரோட்ல போய் நிக்காதீங்க, எங்க வீட்டுக்காரரும் கண்டக்டர்தான், வந்ததும் கேட்டுச் சொல்றேன், அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றாள். அவள் தொங்கும் துணிகளுக்கு நடுவே புகுந்து ஒவ்வொன்றாக விலக்கி விலக்கிப் பார்த்தாள், மூன்று புடவை, இரண்டு வேட்டி, துண்டு. முதல் புடவைக்கே திரும்பி வந்தாள். என்ன தேடறீங்க என்று கேட்டேன், நானும் மரியாதையாகவே. அவரோட காக்கிச் சட்டைங்க, எங்க வச்சேன்னு தெரியல, காலையில டூட்டிக்கு என்னத்தைப் போட்டுட்டுப் போவாரு, அவர் வாயைத் தொறந்து கேக்கவும் மாட்டாரு. நான் எழுந்து நின்றேன். உள்ளபடியே சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றிற்று. அது எங்க வீட்டுல இருக்கும்மா, கதவுக்குப் பின்னால, ஒரு மூட்டையில, மடிச்சு நடுவுல வச்சிருக்கு என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கசங்கலையே? கசங்கல. உங்க வீடு தூரமா? ஒரு ராத்திரிப் பயணம், நாளைக்குச் சாயந்தரம் கிளம்பறோம், பிள்ளை, மருமகள் எல்லாரும் வராங்க. அவள் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு, அப்ப நானும் கூட வந்து வாங்கிக்கறேன், வாங்கினதும் திரும்பிடுவேன், அவர்கிட்ட யாராவது சொல்லிடணும், தேடுவாரு என்றாள். நான் சொல்லிடறேன் என்றேன். மறக்கக்கூடாது. மறக்க மாட்டேன். வேட்டியின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஈரமா இருக்கே, காயாம மடிச்சா நாறும், காயட்டும் என்றாள். ஓட்டின் மேல் சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் நாற்காலிக்குச் சற்றுத் தள்ளி, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். நானும் வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன்.